மருந்துக்காரி துண்டை அவிழ்த்த பக்கம்

செண்டாயான் தொழிற்சாலை கேண்டீனில் மதியச் சோற்றுக்கு வரிசையில் நின்றபோது தேவனின் குரல்பதிவு வந்தது. தேவன், ஸ்டெல்லா அக்காவின் தம்பி. "அண்ணே, அக்கா போயிருச்சு. மூச்சு விட முடியல, அவ்வளவுதான்." நான் வரிசையை விட்டு விலகவில்லை. சோறு வாங்கினேன், சாப்பிட்டேன், மறுபடி வேலைக்குப் போனேன். அரை மணி நேரம்தான் இடைவேளை. அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். "இதைத்தான் எழுதணும் தம்பி. அழுதேன்னு எழுதாதே" என்றிருப்பார்.

ரந்தாவில் அவர் வேலை பார்த்த போட்டோஸ்டாட் கடைக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. அடையாள அட்டை நகல் எடுக்கப் போய் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. அதற்கு முன் ஒன்பது வருடம் பெடாஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் செம்பனைக்கு அடியில் மருந்து அடித்தார். நோய்க்கான மருந்து இல்லை. களையைக் கொல்லும் விஷத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். முதுகில் பம்பு, கையில் குழாய், முகத்தில் நனைத்துக் கட்டிய துண்டு.

கடையில் பாழாய்ப்போன நகல்களின் பின்பக்கத்தில்தான் 'மருந்துக்காரி' என்ற படக்கதை நாயகி பிறந்தாள். நான்கு இதழ்கள் வந்தன. காதர் பாய் தன் சாப்பாட்டுக் கடைக் கல்லாவில் அடுக்கி வைத்தார். மருந்துக்காரி பறக்க மாட்டாள். துண்டை நனைத்து முகத்தில் கட்டியதும் யார் கண்ணுக்கும் தெரியாமல் போவாள். வேலை வாங்கும் மண்டோரின் முதுகுக்குப் பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்பாள். இந்த யோசனை எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். "ஏற்கெனவே நம்மள யாரும் பாக்குறதில்ல. அதையே பவரா வச்சிட்டேன்லா" என்றார்.

அந்த இதழ்களைத் தொலைக்காட்சிக்காரர்களிடம் கொண்டுபோனவன் நான். அதிகம் தெரியாத படக்கதை நாயகர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பெரிய நாயகர்களை வாங்க வசதியில்லை. கதையை எடுத்துக்கொண்டார்கள். திரைக்கதை எழுத நானும் அக்காவும். முதல் கூட்டத்திலேயே நாயகியைக் கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் குடிவைக்கச் சொன்னார்கள். அக்கா கேட்டார்: "சரி, அங்கேருந்து இவ எத்தன மணிக்கு பெரட்டுக்கு வருவா?" விடியற்காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டைப் பற்றி அந்த அறையில் இருந்தவர்களுக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. நாயகி தோட்டத்திலேயே தங்கினாள். அது ஒன்றுதான் நாங்கள் ஜெயித்த சண்டை.

தகவல் சேகரிக்கப் பெடாஸில் லெட்சுமி அக்காவைப் பார்க்கப் போனோம். ஸ்டெல்லா அக்காவோடு மருந்து அடித்தவர். மருந்துக்காரி படத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். "ஒம் புஸ்தகத்த பாத்துட்டு புது புள்ளைங்க எல்லாம் துண்ட நனைச்சு கட்டுனாளுங்க. ஆனா கிளினிக்குல நர்ஸ் மிஸ்ஸி திட்டுறாங்கடி. ஈரத்துணி மருந்த நிறுத்தாதாம். உறிஞ்சி மூக்குகிட்டயே வச்சிருக்குமாம்."

துண்டை நனைக்க ஸ்டெல்லா அக்காவுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. முகமூடி கொடுக்காத தோட்டத்தில் எல்லாரும் செய்ததைச் செய்தார். திரும்பும் வழியில் என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து சொன்னார்: "நான்தான் தம்பி படம் போட்டு சொல்லிக் கொடுத்திருக்கேன். நாலு புஸ்தகத்துலயும் மொதப் பக்கத்துல நனைக்கிறா. டிவியில வந்தா இன்னும் எத்தன பேரு பாப்பாங்க?"

அந்த வாரமே திரைக்கதையின் கடைசிப் பகுதியை மாற்றி எழுதினார். மருந்துக்காரி பெரட்டில், எல்லார் முன்னாலும், துண்டை அவிழ்க்கிறாள். முகம் தெரிகிறது. "இதுதான் எங்கள கொல்லுது. முகமூடி குடு" என்கிறாள். தயாரிப்பாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, ஹீரோயின் பவர விட்டுட்டா சீசன் டூ எப்படிலா எடுக்கிறது?"

"பவரா? அது வெஷம்யா."

"ஆடியன்ஸுக்கு அது பவர்தானே?"

அந்தக் காட்சி இருந்தால் தொடரே இல்லை என்று பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். வெட்டினேன். நாயகி ஒரு மந்திரவாதியோடு சண்டை போடும் காட்சியை அந்த இடத்தில் எழுதிக் கொடுத்தேன். திரையில் முதன்முறையாக என் பெயர் வரப்போகிறது என்பதுதான் காரணம். வேறு காரணம் சொன்னால் பொய்.

தொடர் வந்தது. ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் துண்டிலிருந்து நீர் சொட்டுவதை மெதுவாக, அழகாகக் காட்டினார்கள். முதல் வாரம் முடிந்ததும் அக்காவுக்குப் போன் செய்தேன். "தண்ணி நல்லா பளபளனு இருக்கு" என்றார். அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அவருடைய நுரையீரல் எதனால் கெட்டது என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு ஐந்தாம் இதழை வரைந்தார். ஒரே பக்கம், வெட்டப்பட்ட அந்தக் காட்சி. பேச்சை மலாயில் எழுதித் தரச் சொன்னார். "இப்ப மருந்து அடிக்கிறது நம்ம ஆளுங்க இல்ல தம்பி. இந்தோனேசியாக்காரன், பங்களாதேஷ்காரன். அவன் மூக்கும் மூக்குதானே?" எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு சொல்லைக்கூட நான் வெட்டவில்லை.

அடக்க நாளில் மாதா கோயில் வாசலில் லெட்சுமி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "டிவியில அவ கடைசிவரைக்கும் துண்ட அவுக்கவே இல்லையேடா?"

ஸ்டெல்லா அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த ஐந்தாம் இதழ்ப் பக்கத்தின் நகல்கள்; மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்திருக்கிறேன். போன ஞாயிறு காலை பெடாஸ் சாலையோரம் ஒருவர் மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈரத்துணி. வண்டியை நிறுத்தி ஒரு நகலைக் கொடுத்தேன். கையுறை இல்லாத கையால் வாங்கி, நின்று நிதானமாகப் படித்தார். துணியை அவிழ்த்தார். என்னைவிடச் சின்னவர். சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மாஸ்க் மானா, பாங்?"

முகமூடி எங்கே, அண்ணே?

மருந்துக்காரி பெரட்டில் கேட்க வேண்டியிருந்த கேள்வி அது. நான் வெட்டியது. என்னிடம் முகமூடி இல்லை. அவர் பக்கத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, துணியை மறுபடி கட்டிக்கொண்டார்.