கடலடிப் பாறைகளுக்கு ஒரு நகல்

அப்பாவின் ஜி.பி.எஸ் கருவியின் திரை ஒரு நாள் நடுக்கடலில் வெளுத்துப்போனது. குளச்சலில் கரை சேர்ந்ததும் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேராக நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிவிட்டார். பழுது பார்க்கும் கடைக்காரர், வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா நகரவில்லை. அவருக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அலுவலகம் முடிந்து அங்கே போனபோது கடைக்காரர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

"தம்பி, ஒங்க அப்பா என்னையக் களவாணின்னாக்கும் நெனைக்காரு."

அப்பா அப்படித்தான் நினைத்தார். அந்தக் கருவிக்குள் எங்கள் குடும்பத்தின் பிழைப்பு முழுவதும் இருந்தது. கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுகளை எங்கள் கரையில் பார் என்று சொல்வோம். களவா, விளமீன் போன்ற நல்ல விலை போகும் மீன்கள் அங்கேதான் கிடக்கும். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வள்ளத்தில் போகிறவர்கள். தூண்டில் சிக்கி அறுந்து, எத்தனையோ நாள் வெறும் வள்ளத்தோடு திரும்பி, ஒவ்வொரு பாராகக் கண்டுபிடித்து அதில் குறித்து வைத்திருந்தார்கள். இன்னொரு வள்ளம் நெருங்குவது தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு விலகி, ஒன்றுமில்லாத இடத்தில் நின்று மீன் பிடிப்பதுபோல் பாவனை செய்வார்கள். கடைக்காரர் அந்தக் குறிகளை நகல் எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் எல்லாம் போயிற்று.

நல்லவேளை, கெட்டுப்போனது திரை மட்டும்தான். குறிகள் பத்திரமாக இருந்தன. திரும்பி வரும்போது, பஸ் இரைச்சலில், அப்பா என் பக்கம் குனிந்தார்.

"மக்கா, ஒனக்க கம்ப்யூட்டர்ல இதுக்கு ஒரு நகல் போட்டு வைக்க முடியுமா? இது செத்துப்போனாலும் திரும்ப எடுக்குற மாதிரி?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்த முதல் ஆள் நான். ரேஷன் கடை, பாங்கு, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கடலைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடல் வேறு, நான் வேறு என்பதுபோல வளர்ந்தவன். அன்று பஸ்ஸில் அவர் கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது.

"முடியும்ப்பா" என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

அடுத்த சில நாள், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க, நகல் எடுக்கும் மென்பொருள்களைப் பற்றிப் படித்தேன். ஒவ்வொன்றும் தன்னைத்தான் உலகத்திலேயே சிறந்தது என்றது. முதலில் ஜி.பி.எஸ் குறிகளுக்கென்றே இருந்த ஓர் இலவச மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் கணினிக்கு இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். நகல் எடுத்து, அதைச் சித்தப்பாவின் பழைய, காலியான கருவிக்குள் இறக்கிக் காட்டினேன். குறிகள் வந்துவிட்டன. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அப்பா பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது எனக்க பாரு இல்லியே."

"எண்ணைப் பாருங்கப்பா, அப்படியே இருக்கு."

"எண்ணு கெடக்கட்டும். படம் எங்க?"

அப்போதுதான் கவனித்தேன். எல்லாக் குறிகளுக்கும் ஒரே நீலக் கொடி. அப்பாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. அதனால் பார்களுக்குப் பெயர் எழுதாமல், கருவியில் இருந்த படங்களையே பெயராக வைத்திருந்தார். மண்ணெண்ணெய் தீர்ந்து தத்தளித்த இடத்தில் கண்ட பாருக்கு பெட்ரோல் பம்ப். திருவிழாவுக்கு முந்தின நாள் கண்டதற்குக் கோயில். தூண்டிலை விழுங்கும் பாருக்கு மண்டையோடு. களவா குறையாமல் கிடைக்கும் இடத்துக்குச் சாப்பாட்டுக் கடையின் கரண்டியும் முள்ளும். அந்த மென்பொருள் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு படங்களை எறிந்துவிட்டிருந்தது.

சித்தப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "லே, இவன் கடல் பூரா கட்சி மாநாடு நடத்தப் போறான் பாத்துக்க. எங்க பாத்தாலும் கொடி!"

சித்தப்பாவின் கருவியில் இறக்கியதை அழித்துவிட்டு, அந்த மென்பொருளைத் தூக்கிப் போட்டேன். குறிகள் இருக்கும் கோப்பின் உள்ளே நோண்டாமல், அதை இருந்தபடியே முழுதாக எடுத்து வைக்கும் மென்பொருள்தான் வேண்டும் என்பது புரிந்தது. அப்படிப்பட்டவை நிறைய இருந்தன. இரண்டாவதாக ஒன்றைப் பிடித்தேன். ஒரு நகல் வீட்டு ஹார்டு டிஸ்கிலும் இன்னொரு நகல் அந்தக் கம்பெனியின் கணினியிலும் இருக்கும்.

"அந்தக் கம்ப்யூட்டரு எங்க இருக்கு?" என்றார் அப்பா.

"வெளிநாட்டுல எங்கயோப்பா."

"அங்க கடலு உண்டுமா?"

"இருக்கலாம்."

"கடலு இருந்தா வள்ளமும் இருக்கும்" என்றார் சித்தப்பா. "வள்ளம் இருந்தா ஒரு நாளு இஞ்ச வந்துருவான்."

அவர்கள் விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு உறுத்தியது. அந்த மென்பொருளின் விதிமுறைகளை, யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்துகளை, ஒரு வரி விடாமல் படித்தேன். கடவுச்சொல்லை மறந்தால் நாங்களே மீட்டுத் தருவோம் என்று ஓரிடத்தில் இருந்தது. அப்படியென்றால் திறக்கும் வழி அவர்களிடமும் இருக்கிறது. அப்பாவிடம் போய், "இது வேண்டாம்ப்பா, இவங்ககிட்டயும் ஒரு சாவி இருக்கு" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கரைக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு நல்ல எஞ்சினைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

அதற்குப் பிறகு எதைத் தேடுவது என்று தெளிவாகிவிட்டது. நம் வீட்டிலேயே பூட்டிவிட்டு, பூட்டிய பெட்டியை மட்டும் வெளியே அனுப்புகிற மென்பொருள். சாவி இல்லாவிட்டால் அந்தக் கம்பெனிக்காரனுக்கும் அது வெறும் கிறுக்கல்.

"சாவிய நானே போட்டுத் தாரேன்ப்பா" என்றேன்.

"நீ வேண்டாம் மக்கா."

"ஏன்?"

"நீ பாவம். எவனாவது ஒரு சாயா வாங்கித் தந்து நயமாக் கேட்டா சொல்லிப்போடுவ."

"பழம்பொரியும் சேத்து வாங்கித் தந்தா படமும் வரைஞ்சு குடுப்பான்" என்றார் சித்தப்பா.

சிரித்துவிட்டேன். ஆனால் மனசுக்குள் சுருக்கென்றது. வேலையெல்லாம் நான் செய்ய வேண்டும், சாவி மட்டும் எனக்குக் கிடையாது. அன்று முழுக்க அது உள்ளுக்குள் கிடந்தது. பிறகு ஒரு வீம்பு வந்தது. சரி, செய்கிற எனக்கே திறக்க முடியாத பூட்டு ஒன்றைச் செய்து காட்டுகிறேன் பார் என்று.

சாவி அப்பாவுடையது என்றால் அது முழுக்க எண்ணாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாவது மென்பொருள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய எழுத்து வேண்டும், சின்ன எழுத்து வேண்டும், ஒரு குறியீடு வேண்டும் என்று சிவப்பில் திட்டியது. "இவன் என்ன பரீட்சை வைக்கானா?" என்றார் அப்பா. நான்காவது எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நீளமாக இருந்தால் போதும், எண்ணோ எழுத்தோ உன் இஷ்டம் என்றது. அதையே வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா முதன்முதலாக எங்கள் விசைப்பலகையின் முன் உட்கார்ந்தார். நானும் சித்தப்பாவும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து நின்றோம். ஒரே விரலால், நிதானமாக, அழுத்தும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் போட்டது ஏதாவது ஒரு பாரின் எண்ணா, பிறந்தநாள்களைச் சேர்த்துக் கட்டியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

முடித்ததும் எனக்கு ஒரு பயம் பிடித்தது. இந்தச் சாவியை இழந்தால் கம்பெனியும் திறக்க முடியாது, நானும் திறக்க முடியாது. அது இருப்பதோ தினமும் கடலுக்குப் போகிற ஒரு தலைக்குள். அதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை.

"அப்பா, ஒருவேள நீங்க மறந்துட்டா?"

நான் எதைக் கேட்கிறேன் என்பது அவருக்குப் புரிந்தது. "அடுக்களையில இருந்து அவளைக் கூப்பிடு" என்றார்.

அம்மா மீன் கழுவிய கையை முந்தானையில் துடைத்தபடி வந்தார். உறவுக்காரர்கள் எல்லோருடைய போன் நம்பரும் அம்மாவுக்கு மனப்பாடம். செல்போனில் யார் பெயரையும் போட்டு வைத்ததில்லை. அப்பா அவர் காதருகே குனிந்து சொன்னார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, ஜெபமாலை உருட்டும்போது அசைவதுபோல, உதட்டை மட்டும் அசைத்தார்.

"பிடிச்சியா?"

"பிடிச்சாச்சு. சோறு பொங்கி வழியுது, நான் போகட்டா?"

"நில்லு" என்றார் அப்பா. பிறகு என்னிடம், "நகலு போட்டாச்சா?"

"போட்டாச்சுப்பா. கம்ப்யூட்டர்ல பூட்டாமக் கெடந்ததையும் அழிச்சாச்சு."

அவர் தன் ஜி.பி.எஸ் கருவியை எடுத்தார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது. அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா முதன்முறையாகக் கிண்டல் எதுவும் பண்ணாமல் தலையை ஆட்டினார். அப்பா அழுத்தினார். திரையில் வெறும் கடல். ஒரு குறிகூட இல்லை.

சரியாகத்தான் செய்திருந்தேன், வேறொரு சாவி போட்டுப் பலமுறை சோதித்திருந்தேன். ஆனாலும் இரண்டு வீட்டுச் சோறு அந்த வெறுந்திரையில் போயிருந்தது.

"இப்ப அவ தொறக்கட்டும்" என்றார் அப்பா.

அம்மா ஈரக் கையோடு உட்கார்ந்தார். நானும் சித்தப்பாவும் மறுபடியும் காலண்டருக்குத் திரும்பினோம். ஓரிடத்தில் சத்தம் நின்றது. சித்தப்பா என் தோளை அழுத்திப் பிடித்தார். பிறகு சத்தம் தொடர்ந்தது. "ம்" என்றார் அம்மா. நான் திரும்பி, திறந்த கோப்பைக் கருவிக்கு அனுப்பினேன். அப்பா அதைக் கையில் வாங்கிப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார்.

"பெட்ரோல் பம்பு" என்றார். "கோயிலு." ஒரு பெருமூச்சு. "மண்டையோடும் வந்துட்டு, சனியன்."

"கரண்டி?" என்றார் சித்தப்பா.

அப்பா கருவியை அவர் பக்கம் நீட்டினார். சித்தப்பா பார்த்துவிட்டு, என் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். எங்கள் வீட்டில் அதற்கு நல்ல அர்த்தம். அம்மா அதற்குள் அடுக்களைக்குப் போய்விட்டிருந்தார். சோறு அடிப்பிடித்த வாசம் வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மறுவாரம் லீவு எடுத்திருந்த ஒரு நாள், மீன் வாங்க ஏலம் நடக்கிற இடத்துக்குப் போயிருந்தேன். அப்பாவின் வள்ளத்தில் நல்ல களவா. சுற்றி நின்றவர்களில், வேறு வள்ளத்துக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினார்.

"ஏலே, ஒங்க அப்பனுக்க பாரெல்லாம் ஒனக்க கம்ப்யூட்டருக்குள்ளதான் கெடக்காமே? வா மக்கா, ஒரு சாயா குடிப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அப்பா கூடையைக் கீழே வைத்தார்.

"சாயா இல்ல, பிரியாணியே வாங்கிக் குடு" என்றார். "எனக்க மவன் செஞ்ச பூட்டாக்கும். அவனுக்கே தொறக்கத் தெரியாது, கேட்டியா?"

அதைச் சொல்லிவிட்டு, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு குவியலில் இருந்து ஒரு களவாவைத் தேர்ந்தெடுத்து, ஏலத்துக்கு விடாமல், என் பைக்குள் போட்டார்.