நான் போர்வையால் மூடிய இரண்டு மணித்தியாலம்

"இஞ்சேரும், ஓடிப்போய் மோட்டரை நிப்பாட்டும். வெங்காயம் அழுகப்போகுது."

ஆஸ்பத்திரி விடுதியில், காலில் பாரம் கட்டிப் படுத்திருந்த என் கணவர் இப்படிச் சொன்னபோது பின்னேரம் இரண்டு மணி. எங்கள் தோட்டமும் தண்ணீர் இறைக்கும் மோட்டரும் சுன்னாகத்தில் இருக்கின்றன. முதல் நாள் காலை லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) புரண்டு அவருடைய தொடை எலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கும்வரை அந்தக் காலை இழுவையில் (பாரம் தொங்கவிட்டு எலும்பை நேராக வைத்திருக்கும் முறை) போட்டிருந்தார்கள்.

நான் நினைத்தது ஒன்றுதான். குடித்திருக்கிறார்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உங்கள் வீட்டிலும் யாருக்காவது எலும்பு முறிந்து நீங்கள் கட்டிலருகே இருக்கக்கூடும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அவர் குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அன்று மதியம் அவருடைய கூட்டாளி குலம் அண்ணை பார்க்க வந்தார். முன்பு இருவரும் ஒன்றாகத் தவறணைக்கு (கள்ளுக்கடை) போனவர்கள். கையில் ஒரு போத்தல். "இளநீர், தங்கச்சி. அவனுக்குக் குடுங்கோ," என்றார். நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவர் போய்விட்டார், போத்தல் பாதியாகியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இவருக்கு நாக்குக் குழறுகிறது. வேறென்ன நினைப்பேன்?

வாயருகே குனிந்து மணந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. போத்தலில் மிச்சமிருந்ததையும் மணந்தேன். இளநீர்தான். அதற்குப் பிறகும் நம்பவில்லை. என் லட்சணம் அப்படி.

"மூண்டு வருசம் ஊரை ஏமாத்தினது காணாதே? கால் முறிஞ்சு கிடக்கேக்கையும் குடிக்கோணுமே?" என்று அவருடைய காதுக்குள் ஏசினேன். அவர் என்னை யாரோ போலப் பார்த்தார். "மோட்டர்," என்றார். போர்வையைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார்.

பக்கத்துக் கட்டில் ஐயா எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை, ஆளுக்கு ஏதும் செய்யுதோ? மிஸ்ஸைக் கூப்பிடட்டே?"

"இல்லை ஐயா, நித்திரைத் தூக்கம்."

போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடினேன். தாதி அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம் அவருடைய முகத்தை மறைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தேன். நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமாம். மூச்சு வாங்குவதைக் கண்டும் பேசாமல் இருந்தேன், சண்டாளி. குடிவெறியில் இரைக்கிறது என்று நினைத்தேன்.

நான்கு மணிக்கு மருந்து கொடுக்க வந்த தாதி போர்வையை விலக்கினார். நெஞ்சிலும் கமக்கட்டிலும் (அக்குள்) சிவப்பு மை தெறித்த மாதிரிப் புள்ளிகள். விரலில் ஒட்சிசன் (பிராணவாயு) அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தவர், "எப்ப தொடக்கம் இப்பிடி மூச்சு இளைக்குது?" என்று கேட்டார்.

"இப்பதான் மிஸ்," என்றேன். அந்த நேரத்திலும் பொய்.

அதன்பிறகு எல்லாரும் ஓடினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டொக்டர் எனக்கு விளக்கினார். "முறிஞ்ச எலும்புக்குள்ளை இருக்கிற மச்சைக் கொழுப்பு ரத்தத்தோடை நுரையீரலுக்குப் போயிட்டுது அம்மா. மூளைக்கும் போயிருக்கும் போலை. ஆள் ஏதும் மாறிக் கதைச்சவரோ?"

"ரெண்டு மணிக்கே கதைச்சவர் டொக்டர். நான் வெறியெண்டு நினைச்சன்."

டொக்டர் அந்த நேரத்தைக் கோப்பில் குறித்தார். "அப்பவே சொல்லியிருந்தா ஒட்சிசனை அப்பவே துவங்கியிருப்பம்." ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

பெரிய எலும்பு முறிந்து ஓரிரண்டு நாட்களில் இது வரக்கூடும். இளைப்பு, தடுமாற்றம், தோலில் புள்ளிகள். மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருக்காதீர்கள். காரணத்தையும் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம். கண்டதை உடனே கத்திச் சொல்லுங்கள்.

ஐந்து நாட்கள் இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டது. கொழுப்பைக் கரைக்க மருந்தில்லை, உடம்பு தானாகத் தேறும்வரை தாங்கிப் பிடிக்கலாம் என்றார்கள். ஐந்து நாளும் குலம் அண்ணை வெளியே வாங்கில் (பெஞ்ச்) வந்து இருந்தார். அவரையும் சந்தேகப்பட்ட நான், காணாத மாதிரிக் கடந்து போனேன்.

ஆறாம் நாள் இவர் கண் திறந்தார். பிறகு தொடையில் கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்து ஊன்றுகோலோடு நடக்கப் பழகிய நாட்களில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு கிழமை (வாரம்) அவருடைய நினைவிலேயே இல்லை. மோட்டர் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"மணம் இல்லையெண்டு கண்டும் நம்பேல்லையோ?"

"ஓம்."

"அப்ப இந்த மூண்டு வருசமும் சந்தேகந்தானோ?"

அதற்கும் ஓம் என்றேன்.

இப்போதும் அவர் மத்தியானத்தில் கண்ணயர்ந்தால், நெஞ்சு ஏறி இறங்குவதை மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுகிறேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று முன்பு தெரியாது. நேற்று கண் விழித்துவிட்டார்.

"என்ன பாக்கிறீர்?"

"மூச்சைத்தான்."

குடித்தேனா என்று மணந்து பார்க்கிறாள் என நினைத்தாரோ, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். என்னை நம்புங்கோ என்று கேட்க எனக்கு முகம் இல்லை.