சனிக்கிழமைச் சேறு

பாவாவின் சைக்கிளில் ஒட்டியிருந்த சேறு கறுப்பாக இருந்தது. அதில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

எங்கள் பக்கத்து மண் சிவப்பு. திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை வரைக்கும் எந்த ஏரிக்கரையில் ஏறினாலும், எந்தக் காட்டுப் பாதையில் நுழைந்தாலும் டயரில் செம்மண்தான் ஒட்டும். காய்ந்தபின் தட்டினால் உதிர்ந்துவிடும். இந்தச் சேறோ தார் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. காய்ந்த ஓரத்தில் வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

பாவா என்றால் என் கணவர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற நெசவுக் குடும்பம் எங்களுடையது. கணவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வீட்டுக்குப் பின்னால் விசைத்தறி ஷெட் இருக்கிறது. தறியை நான் பார்த்துக்கொள்வேன். லுங்கிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது அவர் வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் சின்ன லோடு வண்டியை எடுத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போவார்.

அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்குச் சைக்கிள் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். இவருக்கு நடை பிடிக்கவில்லை. கல்லிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்றே செய்த, தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்றைச் சென்னையில் யாரிடமோ வாங்கி வந்தார். எங்கள் ஊர்த் தெருவில் அதை ஓட்ட முடியாது. கிருத்திகை என்றால் காவடியும் வேனும். மற்ற நாளில் திருப்பதி பஸ்ஸும் லாரியும். அதனால் வண்டியே வராத சரளைப் பாதையாகப் பார்த்துப் போகிறேன் என்று, விடிந்ததும் காட்டோரமாக ஒரு சுற்று போய் வருவார். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் சனிக்கிழமைகளிலும் சைக்கிள் வீட்டில் இருப்பதில்லை. லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார் என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

"இன்னா பாவா, டயர்ல சேறு இப்டி கீது?"

"ஏரியில தண்ணி வத்திப்போச்சு. அடி மண்ணு."

"அடி மண்ணு உப்பு கரிக்குமா?"

"நீ எதுக்கு மே அதப் போயி நக்கிகினு இருக்கே?"

கேள்விக்குக் கேள்வி பதிலாக வந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. மதியம் திரும்புகிறவர் பொழுது சாய்ந்து வந்தார். முழங்காலில் ஒரு காயம். ஷெட்டில் நூல் சுற்றிய பாவு உருளை தட்டிவிட்டது என்றார். ஷெட்டில் நாள் முழுக்க இருப்பவள் நான். எனக்குத் தெரியாமல் அங்கே யார் காலில் எது தட்டும்? துவைக்கப் போட்ட அவர் சாக்ஸிலிருந்து ஒரு சின்னக் கிளிஞ்சல் விழுந்தது. இதெல்லாம் போகட்டும். ஒருநாள் பீரோவைத் திறந்தால், நான் மடிப்புக்கூடக் கலைக்காமல் வைத்திருந்த நீலப் பருத்திப் புடவையைக் காணவில்லை.

புடவையைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார். படுத்தால் தூக்கம் வராது. அந்தப் புடவையை எவள் கட்டியிருப்பாள், அவளுக்கு என்ன வயது இருக்கும் என்றே மனசு ஓடியது. சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் நிமிர்ந்தால் குழம்புச் சட்டியைப் பார்ப்பேன்.

அடுத்த சனிக்கிழமை, ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகளின் பள்ளிக்கூடத்துச் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து வாசலில் நிறுத்தினேன்.

"நானும் வரேன்."

"எங்க?"

"நீ போற எடத்துக்கு."

"லோடு ஃபுல்லா கீது. அப்பாலே ஒரு நாள்..."

நானே பின்கதவைத் திறந்து, லுங்கிக் கட்டுகளை ஓரமாகத் தள்ளி, அவர் சைக்கிள் பக்கத்தில் என்னுடையதையும் படுக்க வைத்தேன். கனகம்மாசத்திரம் தாண்டி, திருவள்ளூர் தாண்டி, பொன்னேரிக் கடைகளில் சரக்கை இறக்கினோம். அதன்பின் வண்டியைக் கிழக்கே பழவேற்காட்டுப் பக்கம் விட்டார். காற்றில் மீன் வாடை வந்தது. ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, "இங்கருந்து சைக்கிள்தான்" என்றார்.

சுகமான பாதை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கம் உப்பங்கழி, இன்னொரு பக்கம் இறால் குட்டைகள், நடுவில் சரளை கொட்டிய கரை. ஹாரன் சத்தமே இல்லை. டயருக்கடியில் கல் நெரிகிற சத்தம் மட்டும்தான். சேற்று நிலம் முழுக்க உமரிச் செடி சிவந்து கிடந்தது. தூரத்தில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றன. வேறொரு நாளாக இருந்தால் இறங்கி நின்று பார்த்திருப்பேன். அன்று நான் பார்த்ததெல்லாம் முன்னால் போகிற அவர் முதுகைத்தான். யாருமே வராத வழி. ஒரு ஆள் இங்கே எதை வேண்டுமானாலும் மறைத்து வைக்கலாம் என்று தோன்றியது.

கரை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் சவுக்குக் காட்டுக்குள் போனது. அவர் சட்டென்று வலதுபக்கம் திரும்பினார்.

"லெஃப்ட்ல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல. வழி கெடையாது. ஒரே சேறு."

இடதுபக்கம் குனிந்து பார்த்தேன். காய்ந்த சேற்றில் தடித்த டயரின் தடம், கட்டம் கட்டமாக, போயும் வந்தும் பதிந்திருந்தது. எங்கள் வாசலில் தினமும் நான் கூட்டித் தள்ளுகிற அதே தடம். நான் இடதுபக்கம் திரும்பினேன்.

"ஏய், நில்லு மே! சொல்றத கேளு!" என்று பின்னாலிருந்து கத்தினார். நான் எழுந்து நின்று மிதித்தேன்.

கொஞ்ச தூரத்தில் குட்டைக் காவல்காரர்களுக்கான தகரக் குடிசை ஒன்று வந்தது. வெளியே கொடியில் என் நீலப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையெல்லாம் மீன் செதில்.

"யாருங்க?"

"இந்தப் புடவை யாரு குடுத்தது?"

அவள் என்னைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தவரையும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணியா நீங்க? அண்ணா, கடைசீல இட்டாந்துட்டியா! ஒக்காருங்க அண்ணி. நானுதான் சொல்லிகினே இருந்தேன், வூட்ல சொல்லுண்ணா, இது வெளையாட்டு இல்லன்னு."

"இன்னாத்த சொல்லணும்?"

"தோ, அங்கதான் வுழுந்து கெடந்தாரு. ஒடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு இல்ல. முட்டில ரத்தம். எங்க வூட்டுக்காரரு தூக்கியாந்தாரு. கட்டறதுக்குத் துணி இல்ல, என் பொடவையதான் கிழிச்சேன். சர்க்கரைத் தண்ணி வாயில ஊத்தின அப்பாலேதான் கண்ணு தொறந்தாரு. அந்தப் பொடவைக்கு பதிலுதான் இது. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்த பிள்ளை மாதிரி நின்றிருந்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நான் கட்டிக் கொடுத்த இட்லியை வண்டியிலேயே வைத்துவிட்டு, ஓட்டி முடித்த பிறகு சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றோடு மிதித்து, சர்க்கரை இறங்கி விழுந்திருக்கிறார். டப்பா காலியாகத்தான் வீட்டுக்கு வந்தது. எனக்கு எப்படித் தெரியும்?

மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. ஆனால் அது இறங்கிய வேகத்தில் கோபம் ஏறியது. யாருமே வராத வழி. இந்த அம்மா அன்று வெளியே வந்திருக்காவிட்டால்?

அந்தப் பெண் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தாள் போலிருக்கிறது. "பயப்படாதீங்க அண்ணி. மொதல் தபாதான் ரத்தம் கித்தம். ரெண்டாவது தபா ஒண்ணும் ஆவல, சும்மா ஒக்காந்துட்டாரு."

"ரெண்டாவது தபாவா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாவா, எத்தினி தபா?"

"ரெண்டுதான்."

"மூணாவது?"

"இல்ல. சத்தியமா ரெண்டுதான். சொன்னா சைக்கிள வித்துடுவே, அதான் சொல்லல. அங்க ஷெட்டுல தறிச் சத்தம், ரோட்டுல லாரிச் சத்தம். இங்க வந்தாதான் எனக்குத் தல கொஞ்சம் காலியாவுது."

அப்போது எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷத்தில் தறிச் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பெண் இரண்டு கைப்பிடி இறாலை வறுத்து எங்கள் முன் வைத்தாள். கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பாவா சொன்னதோடு விடாமல், அவர் சொல்லாமல் மறைத்ததையெல்லாம் நானே சொன்னேன். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். சாப்பிடாமல் சைக்கிளைத் தொடக்கூடாது, தனியாகவும் போகக்கூடாது என்றார்.

சைக்கிளை நான் விற்கவில்லை. சனிக்கிழமைகளில் இப்போது நானும் போகிறேன். தறியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறாள். கிளம்புவதற்கு முன் அவர் சாப்பிட்டேன் என்று சொன்னால் நான் நம்புவதில்லை; என் கண்முன்னால் சாப்பிட வேண்டும். சட்டைப்பையில் மிட்டாய் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். "இன்னா மே, போலீஸ் மாதிரி" என்பார். ஆங், போலீஸ்தான் என்பேன்.

போன வாரம் சவுக்குக் காட்டுக்குள் போனோம். நிழலும் மணலும் சரளையுமாக அந்த வழி எனக்குப் பழகிவிட்டது. காற்று வந்தால் மரமெல்லாம் சேர்ந்து உஸ்ஸென்று இரையும். ஏதோ ஒரு வேகத்தில் அவரை முந்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டேன். கடல் சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. வந்த வழியே தலைதெறிக்க மிதித்தேன்.

ஒரு திருப்பத்தில் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"தின்னுகினுதான் கீறேன். மூஞ்ச ஏன் அப்டி வெச்சிகினு இருக்கே?"

கிட்டே போய்க் குனிந்து, வாயோரத்தில் துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.