தொரைக்கு மட்டும் வரும் ஆச்சரியம்

பதுளை டவுனில் ஒரு டியூஷன் வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ‘அஸ்டோனிஷ்’ என்ற வினைச்சொல் வரும் நாளில் எனக்குக் கோபமும் கூடவே வரும். எதிர்பாராத ஒன்று ஒருவரைத் திகைக்கவைப்பது என்று பலகையில் எழுதுவேன். தெரிந்த விஷயத்துக்கு இந்தச் சொல்லைப் போடக்கூடாது என்று அடிக்கோடும் இழுப்பேன். நான் இதைக் கற்றதோ எந்தப் புத்தகத்திலும் இல்லை, எங்கள் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் தொரையின் கடிதங்களில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அதற்கும் அவர் ஆச்சரியப்படுவார்.

லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீட்டில் எங்களுக்கு ஒரு அறை, காம்பரா என்போம்; அதன் கூரைத் தகரம் ஓட்டை. ஐப்பசி பிறந்தால் மழை அப்பாவின் கட்டிலுக்கு நேராக இறங்கும். அப்பாவுக்கு இழுப்பு. ஈரம் பட்டால் பேச்சு வராது, மூச்சு மட்டும் சத்தமாக வரும். அதனால் ஒவ்வொரு வருடமும் புதுத் தகரம் கேட்டு மனு எழுதுவேன். தோட்டத்து மனுவுக்கு ஒரு முறை இருக்கிறது. ‘தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்கிறோம்’ என்று இங்கிலீஷில் தொடங்கி, ‘தங்கள் கீழ்ப்படிந்த ஊழியர்’ என்று முடிக்க வேண்டும். நடுவில் கூரை வரலாம்.

பதிலும் வருடா வருடம் வந்தது. ‘கூரை ஒழுகுவதை அறிந்து நான் அஸ்டோனிஷ் ஆனேன்.’ நாலு மனு, நாலு ஆச்சரியம். தினமும் தொரை ஜீப்பில் எங்கள் லயத்தைத் தாண்டித்தான் போகிறார். கூரைமேல் நாங்கள் அடுக்கிய கல்லும் பழைய டயரும் அவர் கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. ஆனாலும் பிறந்த குழந்தை மாதிரி வருடத்துக்கு ஒருமுறை புதிதாகத் திகைத்தார். எங்களுக்கு அப்படித் திகைக்கக் கொடுத்துவைக்கவில்லை.

போன வருடம் முறையை மீறினேன். ‘கூரை ஒழுகுவதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை. நாலாவது தடவையும் நீங்கள் ஆச்சரியப்பட்டதில்தான் நாங்கள் அஸ்டோனிஷ் ஆனோம்’ என்று எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

மனுவை அப்பாதான் கொடுக்க வேண்டும், காம்பரா அவர் பெயரில். ஆபீஸ் சன்னலுக்கு முன்னால் தலைத்துண்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர் ஐயா வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார்.

“டீச்சரம்மா, இந்தச் சொல்ல நம்ம எழுதக்கூடாதுங்க. அது தொரை எழுதுற சொல்லு. வெட்டிட்டுப் பழையபடி எழுதிக் குடுங்க, நானே எடுத்துச் சொல்றேன். இப்படியே போனா தகரம் வராது.”

அவர் கெட்டவர் இல்லை. பேனாவையும் நீட்டினார். அப்பாவின் நெஞ்சு விசிலடிப்பது எனக்குக் கேட்டது. என் வீம்புக்கு இவர் நனைய வேண்டுமா என்று வெட்கமாகிவிட்டது. பேனாவை வாங்கினேன்.

அப்பா என் கையைப் பிடித்தார். “அதுல என்ன எழுதியிருக்குன்னு புள்ள வீட்லயே சொல்லிருச்சுங்க. பொய்யி ஒண்ணும் இல்லீங்களே. அப்படியே இருக்கட்டுங்க, ஐயா.”

வாழ்நாளெல்லாம் அந்தச் சன்னலில் ‘சரிங்க’ தவிர வேறு வார்த்தை பேசாத மனிதர். நான் பலகையில் எழுதும் அர்த்தம் எனக்கே அன்றைக்குத்தான் புரிந்தது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அன்று நல்ல மழை. அப்பா கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒழுகுகிற இடத்தில் பேசின் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இந்த வருசமும் ஆச்சரியமா, புள்ள?”

“இல்லப்பா. கூரை ஒழுகுறது தனக்குத் தெரியும்னு ஒரே வரி எழுதியிருக்காரு. தகரத்தப் பத்தி ஒண்ணுமே இல்ல.”

அப்பா கடிதத்தை வாங்கி, நனையாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

“பத்திரமா இருக்கட்டும். இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாதுல்ல” என்றார். நிறைந்திருந்த பேசினை வாசலில் கொட்டிவிட்டு வந்து, பழைய இடத்திலேயே வைத்தார்.