பதினான்கு நாளை நாலாக்கியவள்

2006இல் கோவில்பட்டிக்கு வெளியே எழும்பிய ஒரு கல்லூரிக் கட்டடத்தில் உமாதேவிக்குக் கம்ப்யூட்டர் வேலை. எந்த வேலை என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிய வேண்டும் என்று ப்ராஜெக்ட் சாஃப்ட்வேரில் தேதி போடுவாள். தேதி பிந்தினால் திரையில் அந்தக் கோடு சிவப்பாகிவிடும்.

ஐப்பசி மழையில் கரிசல் மண் சேறாகி, லாரிகள் உள்ளே வர முடியவில்லை. பத்து நாள் பிந்திவிட்டது. திறப்புவிழாத் தேதியைத் தள்ள முதலாளி சம்மதிக்கவில்லை.

"மேல்தளத்துக் கான்கிரீட் இறுகுததுக்குப் பதினாலு நாள் போட்டிருக்கியே, அதை நாலாக்கிரும்மா," என்றார் என்ஜினியர் நந்தகோபால்.

"அதுக்குள்ள முட்டுக்கம்பைப் பிரிச்சா தாங்குமா சார்?"

"அதை நான் பாத்துக்கிடுதேன். நீ தேதியை மாத்து."

மாற்றினாள். ஐந்தாம் நாள் காலையில் கம்புகளைப் பிரிக்கும்போதே மேல்தளம் சரிந்தது. கீழே கல் சுமந்துகொண்டிருந்த புதூர்ப் பூங்கொடி அந்த இடத்திலேயே செத்துப்போனாள்.

விசாரணையில் நந்தகோபால், "தேதி போட்டது இந்தப் பிள்ளைதான்," என்று கைகாட்டினார்.

"ஆமா சார், நான்தான் மாத்துனேன். மாத்தச் சொன்னது இவிய," என்றாள் உமாதேவி.

இருவர் பெயரும் வழக்கில் ஏறின. உமாதேவிக்கு வேலை போனது. ஒருநாள் புதூருக்குப் போய்ப் பூங்கொடியின் வீட்டு வாசலில் நின்றாள். புருஷன் அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வெயில் தாழும்வரை நின்றுவிட்டுப் பஸ் ஏறினாள்.