மாமா முகத்தில் ஒரு மடைக்காரர்

மேடையில் நின்றவர் கயிற்றை இழுத்தார். சிலையை மூடியிருந்த பச்சைத் துணி மண்வெட்டி முனையில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இன்னொரு முறை வெடுக்கென்று இழுத்ததும் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற அத்தை மட்டும், “ஐயய்யோ, இது எங்க ஊட்டுக்காரரு!” என்று அலறினாள்.

அத்தை சொன்னது நிஜம். அம்பத்தூர் ஏரிப் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு நின்றது அச்சு அசல் என் தாய்மாமாதான். கீழே கல்லில் பொறித்திருந்த பெயர் மட்டும் வேறு. அது ஒரு மடைக்காரரின் பெயர். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஏரி மதகைத் திறந்து மூடும் வேலை பார்த்தவர். பெருமழையில் கரை உடையப் போனபோது தனியாளாக மண் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே போய்விட்டாராம். எந்தப் புத்தகத்திலும் அவர் இல்லை. எங்கள் பகுதிச் சங்கத்துக்காரர்கள்தான் அலைந்து திரிந்து சிலை வைத்தார்கள். ஆனால் அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கிழவர்களைக் கேட்டால், ஒருவர் ஒல்லி என்றார், இன்னொருவர் நல்ல தாட்டியான ஆள் என்றார். சிலை செய்கிறவர் வெறுத்துப்போய் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் மாமா டீ குடிக்க வந்து தொலைத்தார்.

மாமா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டியவர். வாழ்நாளில் மண்வெட்டியைத் தொட்டதில்லை. வீட்டில் செடிக்குக் குழி தோண்டச் சொன்னால் முதுகு பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவர் ஷிப்ட் முடிந்து ஒரு வாரம், யாரிடமும் மூச்சு விடாமல், சிலைக்காரரின் பட்டறைக்குப் போய், சட்டையைக் கழற்றிவிட்டு மாடலாக ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அத்தையிடம் ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருந்தார். அழகன் என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

அன்று சிலையின் கழுத்தில் ரோஜா மாலை விழுந்ததும் அத்தை மாமாவின் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்து, தலையில் தண்ணீர் ஊற்றி, பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். “ஆளுக்கு மாலை போட்டா மரியாத. உசிரோட கீற மனுசன் உருவத்துக்கு மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்தினா இன்னா அர்த்தம்? என் தாலிய அறுக்கத்தான் போய் உக்காந்தியா?” என்று கத்தினாள். மாமா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, “அதுக்கில்லடி, மூக்கு மட்டும்தான் எடுத்துக்கிறேன்னு சிலைக்காரரு சொன்னாரு” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மறுநாளே அவள் சிலைக்காரரைத் தேடிப் போய்ச் சண்டை போட்டு, சிலைக்கு ஒரு பெரிய மீசை வைக்கச் செய்தாள். இனி அவர் வேறு, இவர் வேறு என்று நிம்மதியானாள். இரண்டு மாதத்தில் மாமா அதே மீசையை வளர்த்துக்கொண்டு வந்து நின்றார். அந்த மனிதரை என்ன செய்வது!

அப்புறம் வருடா வருடம் சங்கத்தார் மாலை போடும் நாளில் அத்தை மாமாவை வாசல் தாண்ட விடமாட்டாள். அதையே அவருக்குப் பிறந்தநாளாக்கி, கேசரி கிளறி, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வாழ்த்தச் சொல்வாள். அந்த ஸ்டாப்பில் பஸ் நின்றால் சிலை கண்ணில் படாமல் குனிந்து மடியைப் பார்த்துக்கொள்வாள். நான் சில நேரம் அந்த மடைக்காரரை நினைத்துப் பரிதாபப்பட்டிருக்கிறேன். ஊருக்காக உயிரைக் கொடுத்தவருக்குக் கடைசியில் சொந்த முகம்கூட மிஞ்சவில்லை. யார் கண்டது, அவருக்கும் இப்படிப் பதறுகிற ஒருத்தி இருந்திருப்பாள்.

மாமா அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல் நன்றாகவே இருந்தார். போன மழைக்காலத்தில்தான் நுரையீரல் கெட்டு, நாலு மாதம் இழுத்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தார். போனில் இருக்கும் படங்களெல்லாம் அந்த நாலு மாதத்துப் படங்கள். கன்னம் ஒட்டி, மீசை மழித்து, மூக்கில் குழாயோடு. அதில் ஒன்றைப் பெரிதாக்கி, மாலை போட்டு வீட்டில் மாட்டிய படத்தை அத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இந்த வருடம் மாலை போடும் நாளன்று, முகப்பேரில் இருக்கும் எனக்கு அத்தையே போன் செய்தாள். “சிலையாண்ட இட்டுக்கினு போறியா?” என்றாள். ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். சங்கத்தில் இப்போது எல்லாம் புது ஆட்கள். செயலாளர் மாலையோடு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். அத்தை விறுவிறுவென்று போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

“கழுத்துல போடாதப்பா. காலாண்ட வெச்சிடு.”

“இன்னாம்மா, வருசா வருசம் கழுத்துலதான போடறோம்?”

“ஊட்ல ஒருத்தருக்குப் போட்டாச்சுப்பா” என்றாள் அத்தை. “இவராவது கீறாருன்னு நெனச்சிக்கிறேன்.”

செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். அப்படியே செய்யச் சொல்லித் தலையை ஆட்டினேன். அவர் இறங்கி வந்து மாலையைச் சிலையின் காலடியில் வைத்தார்.