பாதை இருக்கிறதாம்

வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம். ஆஸ்பத்திரி அக்கரையில். "எங்களுக்கு ஒரு பாதை மட்டுமே உண்டு, இக்கரைக்கு ஒரு டாக்டர் தாருங்கள்" என்று கொழும்புக்கு மனு எழுதியவன், தமிழாசிரியனான நான்தான்.

"தண்ணியில ஓடுற பாதை எண்டு போடுங்க சேர். அவங்களுக்கு விளங்காது" என்றார் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா.

"எனக்கே தமிழ் படிப்பிக்கிறீங்களோ?" என்று ஏளனமாகச் சிரித்தேன்.

அடுத்த மாதம் அக்காவின் கணவருக்கு நெஞ்சுவலி. நடுவாவியில் பாதையின் இயந்திரம் நின்றது. கரை சேருமுன் அவர் போய்விட்டார்.

அவரின் முப்பத்தோராம் நாள் கிரியையன்று பதில் வந்தது. வரைபடத்தைக்கூட விரித்துப் பார்க்காத ஒரு மேதாவி எழுதியிருந்தான்: "பாதை இருப்பதால் மருத்துவர் அவசியமில்லை."

"என்ன போட்டிருக்கு சேர்?" என்றார் அக்கா.

அந்த மடையனைக் காறித் துப்பத்தான் வாயெடுத்தேன். அவன் எழுதியிருந்ததோ என் சொல்லைத்தான்.